காயும் நேரம்

1

மதுரையில் என் பெரியப்பாவின் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கதவில் அவரே சிவப்பில் எழுதிய ‘டிங்கரிங், டூக்கோ பெயின்டிங்’ என்ற இரண்டு சொற்கள்தான் அடையாளம். பள்ளி விடுமுறைகளில் நான் அங்கேதான் கிடப்பேன். தண்ணி பேப்பரை வாளியில் நனைத்துக் கொடுப்பது, கண்ணாடிகளுக்குப் பழைய தினத்தந்தியை ஒட்டுவது, டீ வாங்கி வருவது என்று எடுபிடி வேலை. ஒருநாள் கேட்டேன், “டூக்கோன்னா என்ன பெரியப்பா?”

“டூக்கோன்னா டூக்கோதாண்டா. கன்னுல அடிக்கிற பெயின்ட்டு.”

அதற்குமேல் அவருக்கும் தெரியாது, எனக்கும் தேவைப்படவில்லை. 2019இல் அவரை நெஞ்சு மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போயிருந்தேன். அதற்கு முன் நான்கைந்து வருடங்களாக ராத்திரி இருமல், இழுப்பு. தூசி அலர்ஜி என்று மாத்திரை கொடுத்தார்கள். பீடியை விடச் சொன்னார்கள். அவர் பீடியே குடித்ததில்லை. இந்த மருத்துவர் மட்டும் என்ன வேலை என்று கேட்டார்.

“பெயின்டர்.”

“சுவத்துக்கா, வண்டிக்கா?”

“வண்டிக்கு.”

எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். “ஹார்ட்னர் கலந்து அடிப்பீங்களா?”

பெரியப்பா என்னைப் பார்த்தார். ஐம்பது வருட வேலையில் பட்டறைக்கு வெளியே ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லி அவர் கேட்டது அன்றுதான் முதல்முறை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியது. டூக்கோ என்றால் என்ன, ஹார்ட்னர் என்றால் என்ன, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்படி வந்தோம் என்று தேடித் தேடிப் படித்தேன். படித்ததையெல்லாம் ஒரே வரியில் சொல்லலாம்: கார் பெயின்டின் வரலாறு, காயும் நேரத்தைக் குறைத்த வரலாறு.

2

முதல் கார்கள் குதிரை வண்டிகளின் பிள்ளைகள். பெயின்ட் அடித்த முறையும் குதிரை வண்டிக்காரர்களுடையதுதான். எண்ணெய் கலந்த நிறம், மேலே வார்னிஷ், எல்லாமே பிரஷ்ஷில். ஒரு கோட் அடித்து, நாள்கணக்கில் காயவிட்டு, தேய்த்து, மறுகோட் அடிக்க வேண்டும். நல்ல காராக இருந்தால் இது வாரக்கணக்கில் போகும். எண்ணெய் வார்னிஷ் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை மெல்ல மெல்ல இழுத்துத்தான் இறுகும். அவசரப்படுத்த முடியாது. அதுவரை ஒரு தூசி விழக்கூடாது, ஒரு கை படக்கூடாது.

தொழிற்சாலையில் கார் கட்டும் வேகம் ஏற ஏற, காய்வதற்காக நிற்கும் பாடிகளின் வரிசையும் நீண்டது. அவற்றை நிறுத்தக் கூரை போட்ட இடம் வேண்டும், அத்தனை நாள் பணமும் முடங்கும். ஃபோர்டின் மாடல் டி 1908இல் வந்தபோது பச்சை, சிவப்பு, சாம்பல் என்று பல நிறங்களில்தான் வந்தது. 1914 முதல் 1925 வரை கறுப்பு மட்டும். அது விலை குறைவு, நீடித்து உழைக்கும். ஒரே நிறம் என்றால் அசெம்பிளி லைனுக்கும் வசதி. அந்தக் காலத்துத் தெருவை நினைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒரே கறுப்பு.

3

நிறம் திரும்பி வந்த வழி யாரும் எதிர்பாராதது. அது வெடிமருந்துக் கிடங்கிலிருந்து வந்தது.

1846இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் கிறிஸ்டியன் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் பஞ்சில் நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்ந்தால் அது வெடிக்கும் என்று கண்டார். சிந்திய அமிலத்தை மனைவியின் சமையல் ஏப்ரனால் துடைத்து அடுப்போரம் காயப்போட, அது பற்றி மறைந்தது என்றொரு கதை உண்டு. அந்தப் பொருள்தான் நைட்ரோசெல்லுலோஸ். பின்னாளில் புகையில்லா வெடிமருந்தும் சினிமா ஃபிலிமும் அதிலிருந்து வந்தன. முதல் உலகப் போரில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் நேச நாடுகளுக்கு மலைமலையாக வெடிமருந்து விற்றது. 1918இல் போர் முடிந்தது, ஆலைகள் மிச்சமாயின.

நைட்ரோசெல்லுலோஸைக் கரைத்துப் பூசினால் நிமிடங்களில் காயும் என்பது முன்பே தெரிந்ததுதான். சிக்கல் அதன் கெட்டித்தன்மையில் இருந்தது. கூழ்போல இருப்பதை அடிக்க வேண்டுமானால் நிறையத் தின்னர் ஊற்ற வேண்டும். தின்னர் ஆவியானபின் தங்குவது காகிதம்போல ஒரு படலம். 1920இல் நியூ ஜெர்சியின் பார்லின் ஊரிலிருந்த டூபான்ட் ஆய்வகத்தில் தற்செயலாக நடந்த ஒரு வேதிவினையால் அந்தக் கூழ் இளகியது. இனி குறைந்த தின்னரில் அதிகச் சரக்கு தங்கும். அதில் நிறம் சேர்த்து, ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்து பக்குவப்படுத்தி, 1923இல் வைத்த பெயர்தான் டூக்கோ. 1924ஆம் ஆண்டின் மாடலாக வந்த ஓக்லாண்ட் என்ற கார் அதை நீல நிறத்தில் பூசிக்கொண்டு வந்தது.

ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சித் தலைவர் சார்லஸ் கெட்டரிங் பற்றிச் சொல்லப்படும் ஒரு கதை. காயும் நேரத்தை மணிக்கணக்குக்குக் கொண்டுவர முடியும் என்று அவர் சொன்னதை நம்பாத பெயின்ட் வியாபாரி ஒருவரை அவர் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். சாப்பிட்டு வெளியே வந்த விருந்தாளிக்குத் தன் காரைக் காணவில்லை. எதிரே நின்றது வேறு நிறக் கார். “அதுதானே உங்கள் வண்டி?” என்றாராம் கெட்டரிங். நடந்ததோ இல்லையோ, பெரியப்பாவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். “நம்ம ஊருல வண்டித் திருடனுங்களுக்கு இது தெரியாதாக்கும்” என்றார்.

டூபான்ட் வைத்திருந்த ஜெனரல் மோட்டார்ஸ் பங்கு சுமார் 23 சதவீதம். பெயின்டையும் சீட்டுத் துணியையும் விற்க அந்தப் பங்கு உதவியதா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1957இல் டூபான்ட்டுக்கு எதிராகத் தீர்ப்பானது. கார் பெயின்ட் எவ்வளவு பெரிய வியாபாரமாகிவிட்டது என்பதற்கு அந்த வழக்கே போதும். நிறம் இப்போது காரை விற்றது. 1927இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஹார்லி ஏர்ல் தலைமையில் ‘கலையும் நிறமும்’ என்று தனிப் பிரிவே தொடங்கியது. நல்லா ஓடுகிற காரைக் கொடுத்துவிட்டுப் புது நிறத்துக்காக இன்னொன்று வாங்கும் பழக்கம் அங்கிருந்து நம் வீடுவரை வந்திருக்கிறது.

4

டூக்கோவைப் பிரஷ்ஷில் அடிக்க முடியாது. ஒரு இழுப்பு முடிவதற்குள் முந்தைய இழுப்பு காய்ந்து கோடு விழும். புகைபோல ஊதித்தான் ஆக வேண்டும். அதற்கான கருவி ஏற்கெனவே தயாராக இருந்தது.

அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் ஆலன் டிவில்பிஸ் என்றொரு மருத்துவர். 1880களின் இறுதியில், மூக்கிலும் தொண்டையிலும் மருந்தைத் தெளிக்க ரப்பர் குமிழ் வைத்த ஒரு தெளிப்பானைச் செய்தார். அவர் மகன் தாமஸ் அதே தத்துவத்தை எடுத்து 1907 வாக்கில் ஸ்பிரே கன்னாக்கினார். முதலில் மேசை நாற்காலிகளுக்கு, பிறகு கார்களுக்கு. டிவில்பிஸ் பெயரில் இன்றும் கன் விற்கிறது. பெரியப்பாவிடம்கூட ஒன்று இருந்தது.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தொண்டைப் புண்ணை ஆற்றச் செய்த கருவி. அதையே கையில் பிடித்து ஒரு மனிதர் ஐம்பது வருடம் பெயின்ட் அடித்தார். பக்கத்து அறையில் அவருடைய இழுப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்தக் கன்னும் டூக்கோவும் கலைக்குள் போன கதையும் உண்டு. மெக்சிகோவின் சுவரோவியர் டேவிட் அல்ஃபாரோ சிகெய்ரோஸ் 1932இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்பிரே கன்னால் சுவரில் வரைந்தார். தொழிலாளிகளின் காலத்துக்குத் தொழிலாளிகளின் கருவிதான் வேண்டும், பிரஷ் பழைய உலகத்தின் பொருள் என்பது அவர் வாதம். 1936இல் நியூயார்க்கில் அவர் நடத்திய சோதனைப் பட்டறையில் கார் லாக்கரை ஊற்றினார்கள், சிந்தினார்கள், ஊதினார்கள். வந்துபோன இளைஞர்களில் ஜாக்சன் பொல்லாக்கும் ஒருவர். சிகெய்ரோஸைக் கேலியாக டூக்கோ என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். அருங்காட்சியகங்களில் தொங்கும் அந்த ஓவியங்களும் பெரியப்பா அடித்த ஃபியட் கார்களும் வேதியியல்படி பங்காளிகள்.

5

எங்கள் பட்டறையில் 90களின் நடுப்பகுதிவரை ஓடியது டூக்கோ வகைதான். கடைக்காரர்கள் என்.சி. என்பார்கள். அது காய்வதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். உப்புத் தண்ணீரைத் தட்டில் ஊற்றிவைத்தால் தண்ணீர் போய் உப்பு தங்கும். திரும்பத் தண்ணீர் ஊற்றினால் கரையும். என்.சி.யும் அப்படியே. தின்னர் பறந்துவிட்டால் பெயின்ட் தங்கும், தின்னர் பட்டால் மறுபடி இளகும்.

பெரியப்பாவின் முழுத் தொழிலும் இந்த ஒரு குணத்தின்மேல் நின்றது. தூசி விழுந்ததா, தேய்த்து எடுத்து மறுகோட் அடி. வழிந்ததா, தண்ணி பேப்பரால் நிரவு. புதுக் கோட் பழைய கோட்டைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு ஒன்றாகிவிடும். தப்புகளை மன்னிக்கும் பெயின்ட் அது. பதிலுக்கு உழைப்பு கேட்கும். கன்னிலிருந்து வரும்போது மங்கலாகத்தான் இருக்கும். ஏழெட்டு மெல்லிய கோட், இடையிடையே தண்ணி பேப்பர், கடைசியில் ரப்பிங் காம்பவுண்ட், மெழுகு. பளபளப்பு முழுக்கத் தோள்பட்டையிலிருந்து வருவது. வருடக்கணக்கில் வெயில் பட்டால் வெளுத்துச் சுண்ணாம்புபோல விரலில் ஒட்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் அதற்கு ஒரு வியாதி வரும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகரத்தைக் குளிரவைக்கும், குளிர்ந்த இடத்தில் காற்றின் ஈரம் படியும், பெயின்ட் வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த மாதங்களில் பெரியப்பா மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலந்து அடிப்பார். இல்லாவிட்டால் வானத்தைப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு கன்னைத் தொடக் கூடாது, வெறும் பட்டிதான்” என்பார். தகரத்தின் பள்ளத்தைப் பட்டி போட்டு நிரப்பித் தேய்ப்பது ஈரத்திலும் நடக்கும்.

பழைய வண்டி வந்தால் முதல் வேலை சோதனை. கதவின் உள்மூலையில் தின்னர் நனைத்த துணியை அழுத்தித் தேய்ப்பார். நிறம் துணியில் வந்தால் என்.சி. வராவிட்டால் வேறு ஜாதி. இதைப் பார்க்காமல், நன்றாக இறுகாத எனாமல் மேல் காரமான என்.சி. தின்னரை அடித்தால் அடிக்கோட் தூங்கி எழுந்த பாயைப்போலச் சுருண்டுகொள்ளும். மொத்தத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். எந்தப் பெயின்ட் நல்லது என்று யாராவது கேட்டால் அவர் பதில் எப்போதும் கேள்விதான்: “அடியில என்ன இருக்கு?”

கையின் பாடம் தனி. கன் தகரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும். கிட்டப் போனால் வழியும், எட்டப் போனால் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாக விழும். மணிக்கட்டை வீசக் கூடாது, முழுக்கையும் வண்டிக்கு இணையாகப் போக வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூட வேண்டும். “கோலம் போடுற மாதிரி இல்லடா, வீடு கூட்டுற மாதிரி” என்பார்.

6

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. பின்னாலேயே 90களில் புதுப்புது கார்கள், மெட்டாலிக் நிறங்கள். கம்பெனிப் பளபளப்போடு வந்த வண்டிக்கு என்.சி. அடித்தால் ஒட்டுப் போட்ட சட்டைபோலத் தெரியும். 1996இல் கடைக்காரர் எங்கள் பட்டறையில் இரண்டு டின்களை இறக்கினார். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. சிறிசுதான் ஹார்ட்னர்.

இதன் வேர் 1937இல் இருக்கிறது. ஜெர்மனியின் லெவர்கூசனில் ஓட்டோ பேயர் குழு பாலியூரித்தேன் என்ற வேதியியலைக் கண்டுபிடித்தது. நாம் படுக்கும் ஃபோம் மெத்தையும் அதிலிருந்து வந்ததே. கார் ரிப்பேர் பெயின்டாக அது மேற்கில் பரவியது 1970களிலிருந்து. பெரிய டின்னில் இருக்கும் ரெசினும் சிறிய டின்னில் இருக்கும் ஐசோசயனேட்டும் சேர்ந்தால் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு இறுகும். என்.சி. உப்புத் தண்ணீர் என்றால் இது பால் தயிராவது. தயிரைத் திரும்பப் பாலாக்க முடியாது. தின்னர் பட்டாலும் பெட்ரோல் சிந்தினாலும் அசையாது. கலந்த பிறகு சில மணி நேரத்தில் அடித்துத் தீர்த்துவிட வேண்டும், மிச்சம் டப்பாவிலேயே கல்லாகிவிடும்.

பெரியப்பா முதல் நாள் ஒரு வெள்ளை மாருதியின் பானட்டில் இரண்டு கோட் அடித்தார். கன்னிலிருந்து நேராகக் கண்ணாடி வந்தது. ரப்பிங் இல்லை, மெழுகு இல்லை. பட்டறையின் தகரக் கூரை அதில் தெரிந்தது. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தோம். “இத்தனை வருஷம் தோளை ஒடிச்சேனேடா” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

என்.சி.யின் தின்னரும் உடம்புக்கு நல்லதல்ல. தலைசுற்றும், பசிக்காது. 1920களிலேயே அமெரிக்காவில் ஸ்பிரே அடிப்பவர்கள் சுவாசிக்கும் ஈயத்தையும் பென்சாலையும் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்கள். ஆனால் ஐசோசயனேட் செய்வது வேறு. அது சிலரின் உடம்பை ஒவ்வாமைக்குப் பழக்கிவிடும். பழகியபின் மிகக் கொஞ்சம் போதும், நெஞ்சு இறுகும். வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாமல் மாலையிலோ ராத்திரியிலோ இழுப்பு வரலாம். அதனால்தான் யாரும் அதை வேலையோடு முடிச்சுப் போடுவதில்லை. போபாலில் 1984இல் கசிந்தது மீத்தைல் ஐசோசயனேட். ஹார்ட்னரில் இருப்பது அதே பொருள் அல்ல, ஆனால் அதே குடும்பப் பெயர்.

பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. இரண்டு டின் பெயின்ட் அடிக்கும் வாகனப் பெயின்டர்களுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு, அந்நாட்டின் சராசரித் தொழிலாளியைவிடச் சுமார் 80 மடங்கு. இதை வாசித்தபோது கைக்குட்டை கட்டிய பெரியப்பாவின் முகம்தான் எனக்குத் தெரிந்தது. கைக்குட்டை, சாயங்காலம் ஒரு வாழைப்பழம், ஒரு துண்டு வெல்லம். அவருக்கு அவருடைய மேஸ்திரி சொல்லிக்கொடுத்த வைத்தியம். தூசிக்கே போதாத துணி அது, ஹார்ட்னருக்கு அது இருப்பதே தெரியாது.

டின்னின் பக்கவாட்டில் எச்சரிக்கை இருந்ததா என்று பிறகு பழைய டின் ஒன்றைத் தேடி எடுத்துப் பார்த்தேன். இருந்தது. ஆங்கிலத்தில், நெல்மணி அளவு எழுத்தில், வழிந்த பெயின்டுக்கு அடியில்.

7

இதற்கெல்லாம் தீர்வு வரவில்லையா என்றால், வந்தது. ஆனால் வந்த வரிசையைக் கவனியுங்கள். பழைய கன்னில் பெயின்டில் பாதிக்கும் குறைவாகத்தான் வண்டியில் ஒட்டும், மிச்சம் காற்றில் போகும். கலிபோர்னியாவின் தெற்குக் கரையோரத்தில் புகைமூட்டத்தைக் குறைக்க, கன்னின் மூக்கில் காற்றழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருக்கக் கூடாது என்ற வகையில் விதிகள் வந்தன. எச்.வி.எல்.பி. கன்கள் பரவ அவை ஒரு காரணம். ஐரோப்பாவில் 2004ஆம் ஆண்டின் உத்தரவு, 2007 முதல் வண்டியின் மேல்கோட்டில் ஆவியாகும் கரைப்பான் லிட்டருக்கு 420 கிராமைத் தாண்டக் கூடாது என்றது. அதிலிருந்து நிறக் கோட்டுகள் தண்ணீருக்கு மாறின.

இரண்டும் நல்ல விதிகள். இரண்டின் முதல் அக்கறையும் வானம், நகரத்தின் காற்று. நிறக் கோட் தண்ணீரான பிறகும் அதன்மேல் அடிக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் ஹார்ட்னர் கலந்ததுதான். ஓசோனை அளந்த அளவுக்குக் கன்னைப் பிடித்தவனின் மூச்சை யாரும் அளக்கவில்லை. அளக்க முடியாததல்ல. வேலை முடிந்ததும் சிறுநீர்ப் பரிசோதனையில் உடம்புக்குள் எவ்வளவு போனது என்று சொல்லிவிட முடியும். பிரிட்டனில் அது வழக்கம். வெளியிலிருந்து சுத்தமான காற்று குழாய் வழியாக வரும் முகமூடியும், காற்றை இழுத்து வெளியேற்றும் பூத்தும் அங்கே அடிப்படைத் தேவைகள்.

மதுரையிலும் பெரிய சர்வீஸ் சென்டர்களில் பூத் இருக்கிறது. பிரதான சாலையிலிருந்து உள்ளே போகும் சந்துகளில் இல்லை. அங்கே பெயின்டரே முதலாளி, முதலாளியே பெயின்டர். அவனுக்கு விதி போட ஆளில்லை, அவன் கேட்க ஆளில்லை.

8

இப்போது பட்டறையை நடத்துவது பெரியப்பாவின் மகன், என் தம்பி. மருத்துவமனையிலிருந்து வந்த வாரமே காற்றுக்குழாய் முகமூடி வாங்கலாம் என்றேன். “அண்ணே, அந்தக் காசுக்கு ரெண்டு கன்னு வாங்கலாம்ணே” என்றான். வாடிக்கையாளர் பானட்டுக்கு நூறு ரூபாய் கூடக் கேட்டாலே அடுத்த சந்துக்குப் போய்விடுவார். அவன் சொன்னது பொய்யில்லை. ஆறு மாதம் இழுத்து, பெரியப்பாவின் பழைய கன்களை விற்று, மிச்சத்துக்கு நான் போட்டு ஒன்று வாங்கினோம். கம்ப்ரசர் காற்றை எண்ணெயும் ஈரமும் இல்லாமல் வடிகட்டும் சாமானுக்கே பாதிக் காசு போனது. அடிக்கும்போது வேறு யாரும் உள்ளே இருக்கக் கூடாது என்று கதவில் எழுதினோம். இந்தமுறை தமிழில், பெரிய எழுத்தில்.

பெரியப்பா எதிரே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பட்டறைக்குள் போக அவருக்கு அனுமதி இல்லை. கன் சத்தத்தை வைத்தே, “காத்து கம்மியா இருக்குடா, ரெகுலேட்டரப் பாரு” என்று கத்துகிறார்.

முகமூடியில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடைசிக் கோட் முடிந்ததும் பெயின்டர்கள் செய்யும் முதல் காரியம் முகத்திரையைத் தூக்குவது. பளபளப்பு எப்படி விழுந்திருக்கிறது என்று வெறும் கண்ணால் பார்க்க வேண்டும். பூசியவனால் அடக்க முடியாத ஆசை அது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்த மூடுபனி அப்போதும் அங்கேயே நிற்கிறது. நல்ல பூத் என்றால் சில நிமிடங்களில் வெளியேறும். வெறும் அறை என்றால் 20 நிமிடத்துக்கு மேல் ஆகலாம்.

போன மாதம் நான் போயிருந்தபோது தம்பி ஒரு சிவப்பு ஸ்விஃப்ட்டுக்குக் கிளியர் அடித்துக்கொண்டிருந்தான். கன் சத்தம் நின்றது. பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்து, கதவுக்கு வெளியே நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே குரல் கொடுத்தார்.

“தூக்கிராதடா. இன்னும் இருவது நிமிஷம். காயட்டும்.”

உள்ளேயிருந்து பதில் வரவில்லை. அவர் நேரத்தை எண்ணிக்கொண்டு அங்கேயே நின்றார்.